கேட்டு நடத்தும் கலை: தொழில்வழிச் சிகிச்சையும் நமது ஆயர்பணியும்

முன்னுரை

நோயுற்றோரைச் சந்திப்பது ஆயரின் தலையாய கடமைகளுள் ஒன்று. வீட்டிற்குச் செல்கிறோம், நலம் விசாரிக்கிறோம், திருமறைப் பகுதி ஒன்றை வாசித்து, ஜெபித்து, ஆறுதல் கூறித் திரும்புகிறோம். சில நாள் நோய்க்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆனால் பக்கவாதத்தால் ஒரு கை வழங்காமற் போனவரையும், முதுகுத்தண்டு முறிந்தவரையும், உடல் ஊனத்துடன் பிறந்த குழந்தையின் தாயையும் ஆண்டுக்கணக்கில் சந்திக்க நேரும்போது, நம்மிடமுள்ள ஆறுதல் மொழிகள் தீர்ந்துபோகின்றன. அந்நிலையில் நாம் பெரும்பாலும் அறிவுரைக்குத் தாவுகிறோம். அறிவுரை கேட்பவரோ தலையசைத்துவிட்டு, நாம் சென்றபின் முன்போலவே சுவரை நோக்கித் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இதே இடர்ப்பாட்டைச் சந்தித்த வேறொரு பணித்துறை உண்டு. அதுவே தொழில்வழிச் சிகிச்சை, அதாவது ஆக்குபேஷனல் தெரபி. அத்துறையினர் கடந்த சில பத்தாண்டுகளாகக் ‘கோச்சிங்’ எனப்படும் திறன்களைத் தங்கள் பணியில் பயன்படுத்தி வருகின்றனர். அவர்கள் கண்டறிந்தது யாது, அதிலிருந்து ஆயர்கள் கற்கத்தக்கது யாது, ஏற்கத்தகாதது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுவோம்.

1. சொல்லும் பொருளும்

‘தொழில்’ என்றதும் கூலிக்குச் செய்யும் வேலையே நம் நினைவிற்கு வருகிறது. தமிழ் இலக்கணமோ இச்சொல்லை விரிந்த பொருளில் வழங்குகிறது. உண்ணல், நடத்தல், எழுதுதல் போன்ற சொற்களைத் ‘தொழிற்பெயர்’ என்கிறோம். இங்கே தொழில் என்பது செயல் என்றே பொருள்படும். தொழில்வழிச் சிகிச்சையிலும் இப்பொருளே உரியது. காலையில் எழுந்து பல் துலக்குவது முதல், சமைப்பது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, ஆலயத்தில் பாமாலையின் பக்கத்தைப் புரட்டுவது வரை ஒருவருடைய நாளை நிரப்பி அதற்குப் பொருள் தரும் செயல்கள் யாவும் அதில் அடங்கும். அச்செயல்களை மீண்டும் செய்ய இயலச் செய்வது சிகிச்சையின் நோக்கம். அச்செயல்களே சிகிச்சையின் கருவியும் ஆகும். இயன்முறை மருத்துவம் தசையின் வலிமையையும் மூட்டின் அசைவையும் சிறப்பாகக் கவனிக்கிறது. தொழில்வழிச் சிகிச்சையோ அந்தக் கை எதற்காக அசைய வேண்டும் என்று வினவுகிறது எனச் சுருக்கமாகக் கூறலாம்.

‘கோச்’ என்னும் சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. ஹங்கேரி நாட்டின் கோச் என்னும் சிற்றூரில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வு என்னும் அக்கரைக்குக் கொண்டுசேர்க்கும் ஆசிரியரை வேடிக்கையாக இப்பெயரால் அழைத்தனர். விளையாட்டுத் துறையும் வணிகத் துறையும் பின்னர் இச்சொல்லை ஏற்றுக்கொண்டன. நம் நாட்டில் தேர்வுக்கான தனிப்பயிற்சியையே இச்சொல் குறிக்கிறது. சிகிச்சைத் துறையில் இது குறிப்பது வேறு. சேர வேண்டிய இடத்தைப் பயணி சொல்கிறார். உடனிருப்பவர் அவ்விடம் செல்லத் துணைநிற்கிறார். எனவே இதனைப் ‘பயிற்றுத்துணை’ என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

2. ஓர் ஆயரும் ஒரு கட்டிடக் கலைஞரும்

தொழில்வழிச் சிகிச்சையின் தொடக்கத்தில் ஓர் ஆயருக்குப் பங்குண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பாஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் எல்வுட் வூஸ்டர் என்பவர் குருவாகப் பணியாற்றினார். அவர் உளவியலும் கற்றவர். 1906ஆம் ஆண்டில் அவரும் உடன்பணியாளர் சாமுவேல் மக்கோம்பும் மருத்துவர்களுடன் இணைந்து, மனத்தளர்ச்சியுற்றோருக்கு ஆலோசனை வழங்கும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர்.

ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்னும் கட்டிடக் கலைஞர் காசநோயாலும், காலில் செய்யப்பட்ட அறுவையாலும், பின்னர் இடப்பக்க வாதத்தாலும் அல்லலுற்று, நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் மருத்துவ நிலையத்தை அடைந்தார். அங்கு வூஸ்டரின் ஆலோசனை அவருக்குக் கிட்டியது. நோயாளியாகவே எஞ்சிய நாளைக் கழிப்பதைவிட, தம்மைப் போன்றோருக்குப் பயன்படும் வாழ்வொன்றைத் தேட அவர் துணிந்தார். தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தம் உடலைத் தாமே மீட்கத் தொடங்கினார். 1914இல் அவ்வூரிலேயே ‘ஆறுதல் இல்லம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு வீட்டை அமைத்தார். 1917 மார்ச் 15ஆம் நாள் அவ்வில்லத்தில் கூடிய சிறு குழுவே அமெரிக்காவில் இத்துறைக்கான முதற் சங்கத்தை நிறுவியது. மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்ட்டனும், எலினர் கிளார்க் ஸ்லேகிலும் அக்குழுவில் இருந்தனர். நோயுற்ற ஒருவர் தம் விருப்பத்தாலும் தம் கைகளாலும் எழுந்த வரலாறே ஒரு பணித்துறையின் தொடக்கமாயிற்று.

நம் நாட்டில் கமலா நிம்ப்கர் 1950இல் மும்பையில் இத்துறைக்கான முதற் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு நெருக்கமான சான்று வேலூரில் உள்ளது. மருத்துவர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தோர் ஊர் திரும்பியபோது பிழைக்க வழியில்லை. மடங்கிய கைக்குக் கிடைத்த பிச்சையும் நிமிர்ந்த கைக்குக் கிடைக்கவில்லை. கையைச் சீராக்கினால் போதாது, அக்கைக்கு உரிய வாழ்வும் வேண்டும் என்று உணர்ந்தே அங்குத் தச்சுத் தொழிலும் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. அவருடன் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தொன்றில் இரு கால்களும் செயலிழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார்.

3. கட்டளையிலிருந்து கேள்விக்கு

இத்தகைய தொடக்கம் இருந்தும், இத்துறையும் இடைக்காலத்தில் வழி விலகியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவமனை முறைக்கு இசைய, சிகிச்சையாளர் பயிற்சியை விதிப்பவராகவும் நோயாளி கீழ்ப்படிபவராகவும் ஆயினர். ஆப்பு அடுக்குதல், களிமண் பிசைதல் என்று கைக்கு வேலை கொடுக்கப்பட்டது. அவ்வேலை அவருக்குப் பொருளுடையதா என்று கேட்பார் இல்லை. மேரி ரைலி 1961இல் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில், மனிதனுடைய மனமும் விருப்பமும் அவனுடைய கைகளை இயக்கும்போதே நலம் பிறக்கிறது என்ற பழைய உண்மைக்குத் துறையினரை மீண்டும் அழைத்தார்.

இதற்கிடையில் ஆலோசனைத் துறையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்று, பின்னர் உளவியலுக்குச் சென்ற கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில், உதவி நாடி வருபவரே தம் சிக்கலை நன்கு அறிந்தவர் என்ற கருத்தை வலியுறுத்தினார். 1983இல் வில்லியம் மில்லர், மதுவுக்கு அடிமையானோரிடம் வாதாடுவதைவிட அவர்கள் வாயிலிருந்தே மாற்றத்திற்கான காரணத்தை வரவழைப்பது பயன்தரும் என்று எழுதினார். கனடா நாட்டுத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் 1991இல் வெளியிட்ட அளவுகோல் இவ்வெண்ணத்தை நடைமுறைப்படுத்தியது. அதில், தமக்கு இடர் தரும் அன்றாடச் செயல்களை நோயாளியே கூறுகிறார். ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும், அதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு மனநிறைவு பெறுகிறார் என்பவற்றையும் 1 முதல் 10 வரை மதிப்பிடுகிறார். சில மாதங்கள் கழித்து அதே செயல்களை மீண்டும் மதிப்பிடுகிறார். சிகிச்சையின் வெற்றியை அளப்பவர் இங்கே சிகிச்சை பெறுபவரே.

கனடாவின் ஹெலன் பொலட்டாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் உருவாக்கிய முறை அடுத்த படி எனலாம். கையும் காலும் ஒத்திசையாமல் தடுமாறும் குழந்தைகளுக்காக அது அமைக்கப்பட்டது. பின்னர் பக்கவாதமுற்ற பெரியோரிடமும் பயன்படுத்தப்பட்டு ஆராயப்பட்டது. சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று குழந்தையே இலக்கைச் சொல்கிறது, எப்படி முயலலாம் என்று திட்டமிடுகிறது, செய்து பார்க்கிறது, திட்டம் பலித்ததா என்று தானே சரிபார்க்கிறது. குழந்தை விழும்போது, “காலை இப்படி வை” என்று சொல்வதற்குச் சிகிச்சையாளரின் நாவு துடிக்கும். அவர் அதை அடக்கி, “விழுவதற்குச் சற்று முன் உன் கண் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது?” என்று கேட்கப் பழகியிருக்கிறார். சொல்லிக் கொடுத்த விடை அன்றைக்கு மட்டும் உதவும். தானே கண்ட விடை அடுத்த தடுமாற்றத்திற்கும் உதவும்.

4. நடைமுறையில் பயிற்றுத்துணை

நியூசிலாந்தைச் சேர்ந்த ஃபியோனா கிரஹாம், ஆஸ்திரேலியாவின் சில்வியா ராட்ஜர், ஜென்னி சிவியானி ஆகியோருடன் இணைந்து 2009இல் அறிமுகப்படுத்திய முறை குழந்தையை விட்டுப் பெற்றோரை நோக்குகிறது. பெற்றோருக்கு உணர்வு ஆதரவு அளித்தல், இருபுறமும் செய்தி பரிமாறல், படிமுறையாகச் சிந்திக்கத் துணைநிற்றல் என்பவை அதன் மூன்று கூறுகள். அது எவ்வாறு நடைபெறும் என்பதை விளக்கக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம்.

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு விரல்கள் ஒத்துழைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் புறப்படும் நேரம் அழுகையிலும் அடியிலும் முடிகிறது என்று தாய் கூறுகிறார். பழைய முறையில் சிகிச்சையாளர் உடனே விரல் பயிற்சிகளை எழுதிக் கொடுப்பார். இவரோ, “எல்லாம் நீங்கள் விரும்பியபடி நடந்தால், உங்கள் வீட்டில் காலைப்பொழுது எப்படி இருக்கும், அம்மா?” என்று கேட்கிறார்.

தாய் சற்று நேரம் பேசவில்லை. சிகிச்சையாளரும் பேசாமல் காத்திருக்கிறார். பிறகு தாய், “அவனே சட்டை போட்டுக்கொண்டு ஏழரை மணிக்குச் சாப்பிட உட்கார வேண்டும். நான் அவனைத் திட்டாமல் அனுப்ப வேண்டும்” என்கிறார்.

“எந்த நாளிலாவது அதற்குக் கொஞ்சம் நெருங்கி வந்ததுண்டா?”

“ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்குப் புறப்படும்போது பரவாயில்லை. அன்றைக்கு என் மாமியார் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மற்ற நாளில் எனக்கு அடுப்படியில் வேலை. அவன் பொத்தானோடு போராடுவதைப் பார்த்தால் பொறுக்காமல் நானே போட்டுவிடுவேன்.”

இவ்விடத்தில் தாயே ஒன்றைக் காண்கிறார். விரல்களின் குறையோடு, அடுப்பும் கடிகாரமும் சேர்ந்தே அப்போராட்டத்தை உண்டாக்குகின்றன. சிகிச்சையாளர், “மற்றக் குடும்பங்களில் உதவிய ஒரு வழியைச் சொல்லட்டுமா?” என்று அனுமதி கேட்டு, மேலிரு பொத்தான்களைத் தவிர மற்றவற்றை முந்தின இரவே போட்டு வைத்தால், சிறுவன் சட்டையைத் தலைவழியே அணியலாம் என்கிறார். பாட்டியை வாரநாளிலும் உடன் உட்காரச் சொல்வது தாயின் எண்ணம். ஒரு வாரம் முயன்று பார்த்து, பலித்ததையும் பலியாததையும் அடுத்த முறை பேசுவதென்று முடிவாகிறது.

இங்கே செயற்பட்ட திறன்களைக் கவனிப்போம்: ஆம், இல்லை என்று முடியாத கேள்வி, அவசரப்படாத மௌனம், குறையைத் தேடுமுன் ஏற்கெனவே நன்றாக நடந்ததைத் தேடுதல், அனுமதி பெற்ற பின்னரே தம் அறிவைப் பகிர்தல், ஒரே ஒரு சிறிய படி, அதனை மீண்டும் பார்வையிடல். இவற்றுள் எதுவும் அரிய கலை அன்று. ஆயினும் பேசியே பழகிய நம்மைப் போன்றோருக்கு இவற்றுள் மிகக் கடினமானது அந்த மௌனமே.

5. திருமறையின் ஒளியில்

வேலை என்பது வீழ்ச்சியின் சாபம் என்று சிலர் போதிப்பதுண்டு. ஆனால் ஆதியாகமம் 2:15இல், வீழ்ச்சிக்கு முன்பே மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்படுகிறான். ஒருவர் செய்யக்கூடிய செயல்களை எல்லாம் அன்பின் பெயரால் நாம் செய்துவிடும்போது, அவர் படைப்பில் பெற்ற மேன்மையில் ஒரு பகுதியை நாம் அறியாமலே எடுத்துக்கொள்கிறோம்.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் பார்வையற்ற பர்திமேயுவின் தேவை யாவருக்கும் வெளிப்படை. அவ்வாறிருந்தும் ஆண்டவர், தாம் அவனுக்கு என்ன செய்ய வேண்டுமென விரும்புகிறான் என்று கேட்கிறார். ஊரார் அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டிய சற்று நேரத்தில், ஆண்டவர் அவனைப் பேச வைக்கிறார். குணமடைவதற்கு முன்பே அவனுக்கு அவன் குரல் திரும்பக் கிடைத்துவிட்டது.

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம் இன்னும் நெருங்கிய ஒப்புமை தருகிறது. கடன்பட்ட விதவையிடம் எலிசா இரு கேள்விகள் கேட்கிறார்: தாம் என்ன செய்ய வேண்டும், அவள் வீட்டில் என்ன இருக்கிறது. ஒன்றுமில்லை என்று தொடங்கிய அவள், ஒரு குடம் எண்ணெய் இருப்பதை நினைவுகூர்கிறாள். பாத்திரங்களை இரவல் வாங்குவதும், கதவைப் பூட்டி எண்ணெயை வார்ப்பதும் அவளும் அவள் பிள்ளைகளுமே. எலிசா அவ்வீட்டிற்குள் செல்லவும் இல்லை. ஆனால் எண்ணெய் பெருகியது அவளுடைய திறமையால் அன்று, கடவுளின் அருளால்.

இவ்விடத்தில் பயிற்றுத்துணைக் கோட்பாட்டோடு நாம் முரண்பட வேண்டியுள்ளது. வணிக உலகில் வளர்ந்த அதன் சில வடிவங்கள், வேண்டிய யாவும் மனிதனுக்குள்ளேயே உள்ளன என்று போதிக்கின்றன. சீர்திருத்தத் திருச்சபைகளின் அறிக்கையாளர் இதனை ஏற்க இயலாது. அருள் வெளியிலிருந்து வருவது. நம் விருப்பங்களும் பாவத்தால் கோணியவை. எனவே, ஒருவர் சொல்லும் இலக்கு யாவும் நல்லிலக்கு என்று நாம் கருதுவதற்கில்லை. ஆயினும், வெளியிலிருந்து வரும் அருள் மனிதனைக் கல்லாக்குவதில்லை. அது அவனை எழுப்பி, அவன் படுக்கையை அவனையே சுமக்கச் செய்கிறது.

கலாத்தியர் 6ஆம் அதிகாரம் இவ்விரு உண்மைகளையும் அருகருகே வைக்கிறது. இரண்டாம் வசனம் பிறர் பாரத்தைச் சுமக்கச் சொல்கிறது. ஐந்தாம் வசனம் அவனவன் தன் பாரத்தையே சுமப்பான் என்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் ‘பாரம்’ என்றே கூறும். கிரேக்கத்திலோ முன்னது ‘பாரோஸ்’, பின்னது ‘ஃபோர்த்தியோன்’. சொல் வேறுபாட்டை அளவுக்கு மீறி அழுத்தலாகாது எனினும், நசுக்கும் சுமையும் ஒருவருக்கே உரிய மூட்டையும் வேறு வேறு என்பதை இப்பகுதி நமக்கு உணர்த்துகிறது. எது எது என்று பிரித்தறிவதே ஆயரின் ஞானம். சுமப்பவரைக் கேளாமல் அதனைப் பிரித்தறிய இயலாது.

6. எல்லைகள்

இம்முறை எல்லா நேரத்திற்கும் உரியதன்று. தற்கொலை எண்ணம் உடையவரிடம் இலக்குகளைப் பற்றி உரையாடிக்கொண்டிருத்தல் தகாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் சேர்ப்பதே அன்பு. அண்மையில் பிள்ளையை இழந்த தாய்க்கு அடுத்த படி எது என்ற கேள்வி கொடுமையாகும். நினைவு தடுமாறும் முதியவருக்குத் திட்டமும் சரிபார்த்தலும் சுமையாகலாம். அப்போதும் இரு சட்டைகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்க இடமுண்டு.

வேறோர் ஆபத்து இதனினும் நுட்பமானது. உன் வாழ்வை நீயே மாற்றலாம் என்ற மொழி, ஏழையின் துன்பத்திற்கு ஏழையையே பொறுப்பாக்கிவிடும். சக்கர நாற்காலியில் ஆலயத்திற்கு வரவேண்டும் என்று ஒருவர் தம் இலக்கைச் சொல்கிறார். ஆலயத்தின் வாசலில் ஐந்து படிகள் உள்ளன. இங்கே மாற வேண்டியது அவருடைய மனநிலையா, நமது படிகளா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அவர்களுடைய உரிமைகளை வரையறுக்கிறது. கேள்வி கேட்டவர் விடையின் விலையில் பங்கேற்கவும் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

7. நமது ஆயர்பணிக்கு

ஆயர் சிகிச்சையாளர் அல்லர். பயிற்சியின்றி அப்பணியை மேற்கொள்ளவும் கூடாது. ஆயினும் அவர் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நோயுற்றவரிடமே பேசுதல். நம் வீடுகளில் மகனோ மருமகளோ நோயாளிக்காக விடை கூறுவது வழக்கம். அவர்களை மதித்துக் கேட்டபின், படுத்திருப்பவர் முகத்தை நோக்கி, “ஐயா, இந்த நாட்களில் நீங்கள் எதைச் செய்ய மிகவும் ஏங்குகிறீர்கள்?” என்று கேட்டுக் காத்திருத்தல் வேண்டும். வாய் குழறினால் இன்னும் நீண்ட நேரம் காத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஜெபிக்குமுன் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டல். முழு நலத்திற்காக நாம் மன்றாடுகையில், திருவிருந்தில் அப்பத்தைத் தம் கையாலேயே பெற வேண்டும் என்பதே அவருடைய வேண்டுதலாக இருக்கலாம். அத்தகைய வேண்டுதலை அறிந்தபின், தகுந்த சிகிச்சையாளரிடம் அவரை அனுப்பவும், திருவிருந்தில் அவருக்காகச் சற்றுப் பொறுத்திருக்கவும் நம்மால் இயலும்.

மூன்றாவது, பணி அளித்தல். கை இயலாதவர் தொலைபேசியில் பிற நோயாளிகளை விசாரிக்கலாம். படுத்திருப்பவர் சபையாரின் பெயர்ப் பட்டியலை வைத்து நாள்தோறும் மன்றாடலாம். ஆனால் அப்பணி எது என்பதையும் நாமே முடிவு செய்துவிடலாகாது.

நான்காவது, நம் இறையியல் கல்லூரிகளின் களப்பயிற்சி. மாணவர் தாம் கண்ட உரையாடலை எழுதிக் கொணரும்போது, தாம் கூறியவை எத்தனை வரி, நோயாளி கூறியவை எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்கச் செய்யலாம். அந்த எளிய கணக்கு ஒரு விரிவுரையைவிட அதிகம் கற்பிக்கும்.

முடிவுரை

தொழில்வழிச் சிகிச்சை நமக்கு நினைவூட்டும் உண்மை ஒன்றே. நோய் ஒருவருடைய கையின் வலிமையைப் பறிக்கலாம். எதை விரும்புகிறேன் என்று கூறும் உரிமையைப் பறிக்கும் அதிகாரம் நோய்க்கு இல்லை. அவ்வுரிமை பறிபோவது பெரும்பாலும் அன்பும் அவசரமும் மிகுந்த நம் கைகளிலேதான். அறிவுரை தருவது நமக்கு எளிது. கேட்டுக் காத்திருப்பது அரிது. அரியதைத் தெரிந்துகொள்ளும் ஆயர்களின் சபைகளில், திண்ணையிலும் கட்டிலிலும் ஆண்டுக்கணக்கில் வாய் மூடியிருந்தோர் மீண்டும் பேசத் தொடங்குவர். அவர்கள் பேசுவதைக் கேட்கும் திருச்சபையும் நலமடையும்.